முதுகில் அடித்த மார்க்

போன மாதம் தங்கச்சியின் பேரனுக்கு உடுப்பு எடுக்கக் கட்டுகஸ்தோட்டைக்குப் போனேன். கடையில் தொங்கிய சட்டை எல்லாவற்றிலும் நெஞ்சில் ஓர் அடையாளம். ஒன்றில் இறக்கை, ஒன்றில் முகமூடி, ஒன்றில் பெரிய எழுத்து. எல்லாம் படத்தில் பறந்து பறந்து ஆட்களைக் காப்பாற்றும் வீரர்களின் அடையாளங்களாம்.

"வெறும் சட்டை இல்லையா தம்பி?" என்று கேட்டேன். கடையில் வாய் திறந்து ஒன்றைக் கேட்க எனக்கு இன்றைக்கும் கூச்சம்.

"இல்லம்மா. மார்க் இல்லாட்டி இப்ப புள்ளைகள் தொட்டும் பாக்காது. மதிப்பு மார்க்குக்குத்தான், துணிக்கு இல்ல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் மேல் பிழையில்லை. ஆனாலும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒன்றும் வாங்காமல் பஸ்ஸில் ஏறிவிட்டேன். வத்தேகமவில் இறங்கி வெறுங்கையோடு வீட்டுக்கு நடந்தேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பன்விலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் ஒரு காம்பராவில் இருந்தோம். அப்பா இல்லை. அம்மா கொழுந்து எடுத்தாள். அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடுதான் இருந்தார். அவருக்கு ஸ்டோரில் வேலை. தேயிலை ஃபாக்டரியை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். பெட்டிகளில் தோட்டத்து மார்க் அடிப்பது அவர் வேலை. வட்டத்துக்குள் ஓர் இலை, கீழே மூன்று இங்கிலீஸ் எழுத்து. அப்படி வெட்டிய தகட்டைப் பெட்டியில் வைத்துக் கறுப்பு மையைத் தடவுவார். தகட்டைத் தூக்கினால் மார்க் பளிச்சென்று நிற்கும்.

எங்கள் காம்பராச் சுவரில் குளிருக்காகப் பத்திரிகை ஒட்டியிருந்தோம். என் தலைமாட்டில் ஒரு படக்கதை இருந்தது. கழுத்தில் துணி கட்டிய ஒருவன், நெஞ்சில் ஓர் அடையாளம். அதைக் கண்டதும் பொலிஸ்காரர்கள்கூட விலகி வழி விடுகிறார்கள். கதையின் முடிவு சுவரோடு ஒட்டிப்போய்விட்டது. எனக்கு அந்தப் பாதியே போதும். படுத்துக்கொண்டு தினமும் அவனைத்தான் பார்ப்பேன்.

அந்த நாட்களில் தோட்டத்துக் கேட்டில் இருந்த வாச்சர் விறகைக் கொண்டுபோக விடமாட்டான். தேயிலைச் செடியை வெட்டிப் போட்ட மிலாறைத்தான் நாங்கள் அடுப்புக்குப் பொறுக்குவோம். மண்ணோடு மக்கிப்போகிற குச்சி. அதையும் கேட்டில் இறக்கி வைத்துவிட்டுப் போகச் சொல்வான். ஒரு நாள் அம்மா கட்டி வந்த மிலாறைக் காலால் உதைத்தான். அம்மா குனிந்து கயிற்றை மட்டும் எடுத்துக்கொண்டாள். அதே நேரம் பெட்டி ஏற்றிய லொறி வந்தது. வாச்சர் ஓடிப்போய்க் கேட்டைத் திறந்து சலாம் வைத்தான்.

"லொறிய மட்டும் ஏன் மாமா நிப்பாட்ட மாட்டான்?" என்று கேட்டேன்.

"அதுல நம்ம மார்க் இருக்குல்ல. மார்க்கக் கண்டா பெரிய தொரையே ஒதுங்கித்தான் நிப்பாரு."

மாமா எதையும் விளையாட்டாகத்தான் சொல்வார். நான் அதைச் சுவரில் இருந்தவனோடு சேர்த்து வைத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை மாமாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். மாப் பையைப் பிரித்து அம்மா தைத்த துணி ஒன்றைக் கழுத்தில் கட்டி முதுகில் தொங்கவிட்டிருந்தேன். எனக்கும் மார்க் அடிக்கச் சொல்லிக் கெஞ்சினேன். மாமா என்னைத் திருப்பி நிறுத்தி, அந்தத் துணியில் தகட்டை வைத்து மையைத் தடவினார். முதுகு சில்லென்றது.

"இனி இவளக் கொழும்புக்கு ஏத்திரலாம்" என்றார் பெட்டிக்கு ஆணி அடிக்கிறவர். "என்ன கிரேடுன்னும் போடு மச்சான்."

"இது எங்கக்கா மக. இதுக்கு ஏதுடா கிரேடு?" என்றார் மாமா.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு நேரே மலைக்கு ஏறி, தூக்க முடிந்த அளவு மிலாறைக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தேன். வாச்சர் நிற்கச் சொன்னான். நான் நிற்கவில்லை. லொறி நிற்குமா? ஓடிவந்து கையைப் பிடித்தபோது திரும்பி முதுகைக் காட்டினேன். அவன் முகம் மாறியது. மார்க் வேலை செய்கிறது என்றே நினைத்தேன்.

சுவரில் இருந்தவன் அந்த அடையாளத்தைத் தானே தைத்துத் தானே போட்டுக்கொண்டவன். ஆட்களைக் காப்பாற்றிக் காப்பாற்றி அதற்கு ஒரு மதிப்பைத் தேடிக்கொண்டவன். எங்கள் மார்க்குக்கு மதிப்பு எங்கிருந்து வந்தது? அம்மாவின் வெடித்த விரலில் இருந்து வந்தது. அட்டை கடித்த காலில் இருந்து வந்தது. வெளிநாட்டில் யாரோ அந்த இலையைப் பார்த்து நல்ல தேயிலை என்று வாங்கினார்களே, அந்த நல்லதைச் செய்தது துரையா? ஆனால் பெட்டியில் இருந்தால் அதற்குச் சலாம். எங்கள் முதுகில் இருந்தால் களவு. இதை நினைத்தால் இந்த வயதிலும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

வாச்சர் என்னை டீமேக்கரிடம் கொண்டுபோனான். ஸ்டோருக்குப் பெரியவர் அவர். நான் அடி விழும் என்று பயந்தேன். அவரோ என்னைக் கதிரையில் உட்காரவைத்து பிஸ்கட் கொடுத்தார். அதுவரை எந்தப் பெரிய ஐயாவும் என்னை உட்காரச் சொன்னதில்லை.

"ரொம்ப வடிவா இருக்கே. யாரு புள்ள அடிச்சது?"

"எங்க மாமா" என்றேன்.

"எங்க வச்சு?"

"ஸ்டோர்லதான் ஐயா. சாப்பாட்டு நேரத்துல."

மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் பெருமையாகச் சொன்னேன். ஒரு தாளில் இங்கிலீசில் நிறைய எழுதினார். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா என்று கேட்டார். நாலாம் வகுப்பில் என் எழுத்துத்தான் முத்து மாதிரி இருக்கும். நாக்கைக் கடித்துக்கொண்டு முழுப் பேரையும் எழுதினேன். நல்ல எழுத்து என்றார். கழுத்துத் துணியை அவிழ்த்து எடுத்துக்கொண்டு இன்னொரு பிஸ்கட் தந்து அனுப்பினார். அதை மாமாவுக்கு வைத்திருந்து கொடுத்தேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். மாமா பிஸ்கட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த மாதம் ஸ்டோரில் தேயிலை குறைந்திருந்ததும், கண்டியில் ஒரு கடையில் எங்கள் மார்க் போட்ட பெட்டிகள் பிடிபட்டதும் எனக்குத் தெரியாது. மாமா தகட்டை லயத்துக்குக் கொண்டுவந்து அடிப்பதை நான் கண்ணால் கண்டதாக அந்தத் தாளில் இருந்ததாம். அம்மா பல வருடம் கழித்துத்தான் சொன்னாள். தகடு வேலை முடிந்ததும் டீமேக்கரின் அலுமாரிக்குள் போய்விடும். களவை யார் செய்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சாவி யார் இடுப்பில் இருந்தது என்று தெரியும். மாமாவுக்கு வேலை போனது. தோட்டத்தில் இருக்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

இது எதுவும் புரியாமல்தான் திங்கட்கிழமை காலை அம்மாவோடு பெரட்டுக்குப் போனேன். வேலைக்குப் பேர் கூப்பிடும் இடம் அது. ஸ்டோர் ஆட்களுக்கும் மலை ஆட்களுக்கும் எங்கள் தோட்டத்தில் ஒரே பெரட்டு. வேலை இல்லை என்று சொன்ன பிறகும் மாமா கடைசி வரிசையில் தலை வாரி, துவைத்த சட்டை போட்டு நின்றார். கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். மாமாவின் பேரைக் கூப்பிடாமலே புத்தகத்தை மூடினார். அத்தனை பெரிய ஆட்களும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்றைக்கு மார்க்கைப் பார்த்துச் சிரித்தவர்களும் அங்கே நின்றார்கள்.

கணக்கப்பிள்ளை மறந்துவிட்டார் என்று நான் நினைத்தேன். அம்மா கையைப் பிடித்து இழுக்க இழுக்க, முன்னால் போய் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"ஐயா, எங்க மாமா பேர விட்டுட்டீங்க. அந்தா நிக்கிறாரு பாருங்க."