என் பேரில் இரண்டு காதுத் தாள்

எனக்கு எழுத்து கோணல். ஐந்தாவது வரைக்கும்தான் படிப்பு. வருஷமெல்லாம் மறந்து போகிறது. பொறுத்துக்கொண்டு படிக்கவும்.

நான் இப்போது ஜெர்மனியில் மகள் செல்வியோடு இருக்கிறேன். எங்கள் கட்டிடத்தில் மத்தியானம் இரண்டு மணி நேரம் யாரும் சத்தம் போடக்கூடாது. அதற்கு ரூஎட்சைட் என்று பேர். ஒரு நாள் அந்த நேரத்தில் கீழ்வீட்டு அம்மாள் வந்து மணி அடித்தாள். உள்ளே சண்டையா, போலீஸைக் கூப்பிடட்டுமா என்று செல்வியிடம் கேட்டாளாம். நான் உப்பு எங்கே என்று கேட்டிருந்தேன், அவ்வளவுதான். நான் கூச்ச சுபாவம் உள்ளவள். குரல் மட்டும் அப்படி இல்லை.

செல்விக்கு என் காதில் சந்தேகம் வந்துவிட்டது. இந்த ஊர் யுனிவர்சிட்டியில் காது கேளாமையைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறார்கள். வயதானவர்கள் வேண்டும் என்று கேட்டிருந்தார்களாம், கூட்டிக்கொண்டு போனாள். பீரோ மாதிரி ஒரு அறை. உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால் நம் மூச்சு நமக்கே கேட்கிறது. காதில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். யாரும் பார்க்கவில்லை என்பதால் கூச்சமில்லாமல் அமுக்கினேன்.

வெளியே வந்ததும் சோதித்த ஆராய்ச்சிப் பெண், என் வயசுக்கு நல்ல காது என்றாள்; செல்விதான் மொழிபெயர்த்தாள். முன்பு எங்கேயாவது சோதித்தார்களா என்றாள். நெய்வேலியில் சோதித்தார்கள், செவிடு என்று எழுதினார்கள் என்றேன். அவள் பேனாவை மூடிவிட்டு மறுபடி திறந்தாள். அப்படிப் போன காது திரும்பி வராதாம்.

நடந்தது இதுதான். அறுபதுகளின் நடுவில் என்று நினைக்கிறேன். எங்களுக்கு வடலூரில் வாடகை வீடு. என் வீட்டுக்காரர் நெய்வேலி மைன்ஸில் காண்ட்ராக்ட் ஆள். மண் வெட்டுகிற பெரிய யந்திரத்தின் அடியில் வேலை. அந்த யந்திரமும் இந்த ஜெர்மனியிலிருந்து வந்ததுதான். இரண்டு வருஷத்தில் அவர் காது பாதி போய்விட்டது. பெர்மனென்ட் ஆக்குகிற பட்டியல் வரப்போகிறது என்ற சமயத்தில், மெட்ராஸிலிருந்து யுனிவர்சிட்டிக்காரர்கள் காது சோதிக்கிற ஒரு பெட்டியோடு வந்து பள்ளிக்கூட அறையில் உட்கார்ந்தார்கள். யந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவர் காதையும், நிற்காத பெண்சாதி காதையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். ஆபீசுக்கு எதுவும் போகாது என்றுதான் சொன்னார்கள். யாரும் நம்பவில்லை. காது போச்சு என்று தெரிந்தால் பட்டியலில் பேர் இருக்காது. பேர் இல்லாவிட்டால் க்வார்ட்டர்ஸ் இல்லை, வீட்டுக்குள் குழாய் இல்லை.

கூட வேலை செய்கிற கோதண்டம் முந்தின நாளே போய் வந்தவர். பெட்டிச் சத்தம் கேட்டால் கை தூக்க வேண்டுமாம். அதற்கு அவர்தான் வழி சொன்னார்.

"பெட்டிய பாக்காதடா. அந்த சார் பொத்தான அமுக்கறப்பல்லாம் கண்ண சிமிட்டறாரு. கண்ண பாத்துக்கினே இரு, கைய தூக்கு."

கத்தித்தான் சொன்னார். தெருவே கேட்டது.

மறுநாள் வீட்டுக்காரர் ஒரு சத்தத்தையும் விடாமல் கை தூக்கினார். அடுத்து நான். முன்பின் தெரியாத ஆம்பிளைக்கு முன்னால் கையைத் தூக்க எனக்கு வெட்கம். எல்லாம் நன்றாகக் கேட்டது. முந்தானைக்குள் ஒரு விரலை மட்டும், ஒவ்வொரு சத்தத்துக்கும் தவறாமல் தூக்கினேன்.

"ஐயாவுக்குப் பிரமாதமான காது. அம்மாவுக்குத்தான் ரொம்ப மந்தம்" என்று சொல்லி அந்த சார் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்து வீட்டுக்காரர் கோதண்டத்திடம், "செவுட்டுப் பொண்டாட்டிய கட்டிக்கினு நான் படற பாடு இருக்குதே" என்றார். அதற்கு நான் சொன்ன பதில் அவருக்குக் கேட்கவில்லை.

பெர்மனென்ட் ஆனது. அந்தத் தாளாலா என்று தெரியாது. க்வார்ட்டர்ஸ் வந்தது, குழாய் வந்தது. நல்ல காது என்று எழுதி வாங்கியவர் யந்திரத்தடியிலிருந்து மாற்றச் சொல்லி எப்படிக் கேட்பார்? மீதிக் காதும் போயிற்று. குழாயைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்துகொள்வார். "கொழா தொறந்து கெடக்குதுங்க" என்று முப்பது வருஷம் கத்தினேன். அவர் போய்விட்டார். என் குரல் இறங்கவில்லை.

இதையெல்லாம் செல்வியிடம் நான் சொன்னது அன்றைக்கு அங்கேதான். அவள் க்வார்ட்டர்ஸில் பிறந்தவள். அப்பா வயசான பிறகுதான் செவிடானார் என்று நினைத்திருக்கிறாள்.

"அப்போ நான் சின்னதுல பாடுனதெல்லாம்? தலய ஆட்டிக்கினே கேப்பாரேம்மா."

"ஒன் வாயப் பாத்துக்கினு இருந்தாரு" என்றேன்.

செல்வி அதை மொழிபெயர்க்கவில்லை. அந்தப் பெண் பேனாவோடு காத்திருந்தாள்.

மெட்ராஸில் இதைப் படிக்கிறவர்கள் கையில் அந்தப் பழைய தாள்கள் கிடைத்தால் பார்க்கவும். யந்திரச் சத்தத்தால் காதுக்கு ஒன்றும் ஆகாது என்று எங்கள் தாளை வைத்து எழுதியிருந்தால் அடித்துவிடவும். வீட்டுக்காரர் தாளில் இருப்பது கோதண்டம் சொல்லிக்கொடுத்த காது. நான் அந்த ஊர்த் தாளில் செவிடு, இந்த ஊர்த் தாளில் நல்ல காது. எது எந்த வருஷம் என்பதை மட்டும் யாராவது சரிபார்த்துப் போடவும்.