அன்னம்மாள் திருவிழாவில் ஒரு தொட்டில்

அன்னம்மாள் திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போதே எனக்குக் கோபம் ஏற ஆரம்பித்துவிடும். மாதாவைப் பெற்றவள் மேல் எனக்கு என்ன கோபம்? பூசை முடியும் நேரத்தில் ஃபாதர் மைக்கைப் பிடித்து, "குழந்தை பாக்கியம் வேண்டுற சகோதரிகள் முன்னால வாங்க" என்பாரே, அதன் மேல்தான். நாங்கள் பிழைக்க வந்த வெளிமாநில ஊரான அல்வாலில் எங்கள் கோயிலுக்கு வரும் தமிழர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். யார் எழுந்து போகிறார்கள், போன வருடம் போனவர்களில் யார் இந்த வருடம் போகவில்லை என்று கழுத்தை நீட்டிப் பார்ப்பார்கள். கல்யாணமான மறுவருடத்திலிருந்து நான் போய் நிற்கிறேன்.

வாசல் கடையில் ஒரு சின்ன மரத்தொட்டில் வாங்கி என் கையில் திணிப்பார் என் மாமியார். ஃபாதர் அதை மந்திரித்துத் தருவார். வீட்டில் பீடத்துக்குக் கீழே அப்படி வந்த தொட்டில்கள் வரிசையாகத் தொங்குகின்றன. காலையில் கச்சிபௌலியில் இருக்கும் ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில் ஜெபம் சொல்லக் குனிந்தால் தலையில் இடிக்கும்.

அமீர்பேட்டில் நாங்கள் பார்க்கும் டாக்டர் எனக்கு எடுக்காத பரிசோதனை இல்லை. என்னிடம் குறை எதுவும் இல்லை என்றும் சொல்லிவிட்டார். என் கணவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, விந்துப் பரிசோதனை. அதற்கு அவர் "அடுத்த வாரம்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். "நமக்கு அதெல்லாம் இருக்காது" என்கிறார் மாமியார். நமக்கு என்றால் அவர் மகனுக்கு.

இந்த வருடம் பிரசங்கத்தில் ஃபாதர், அன்னம்மாளின் கணவர் சுவக்கின் கதையைச் சொன்னார். காணிக்கையோடு ஆலயத்துக்குப் போனவரை, பிள்ளையில்லாதவன் காணிக்கை கொடுக்கக் கூடாது என்று எல்லோர் முன்பும் விரட்டுகிறார்கள். அவமானம் தாங்காமல் அவர் வீட்டுக்குக்கூடப் போகாமல் வனாந்தரத்தில் போய் அழுகிறார். "எவ்வளவு கொடுமை பாருங்க" என்றார் ஃபாதர். பூசை முடிவில் அதே மைக்கில் எங்களை முன்னால் கூப்பிட்டார். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில். அதிலும், கதையில் அவமானப்பட்டது ஆண். இங்கே கூப்பிடுவது சகோதரிகளை மட்டும்.

மாமியாருக்கும் கணவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த நான் எழுந்திருக்கவில்லை. மாமியார் என் தொடையைக் கிள்ளினார்.

"ஷரம் கைக்கு? என்ன வெட்கம்? போம்மா."

"இந்த வருசம் இவரைப் போகச் சொல்லுங்க அத்தை. அன்னைக்குச் சுவக்கின்தானே போனாரு."

பக்கத்து பெஞ்சுக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்.

"நக்கோ, இங்க வேணாம், வீட்ல பேசிக்கலாம்" என்றார் என் கணவர், தரையைப் பார்த்துக்கொண்டு. வீட்டில் இதை அவர் பேசியதே இல்லை.

மாமியார் என் கையிலிருந்து தொட்டிலைப் பிடுங்கிக்கொண்டு தானே எழுந்து போனார். அறுபதைத் தாண்டியவர், இளம்பெண்களின் வரிசையில் போய் நின்றார். ஃபாதர் தயங்கிவிட்டுத் தொட்டிலை மந்திரித்து, அவர் தலையிலும் கைவைத்து ஜெபித்தார். யாரோ சிரிப்பை அடக்க இருமினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகனைப் பரிசோதனைக்கு அனுப்புவதைவிட, அந்த வரிசையில் தானே போய் நிற்பது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

திரும்பி வந்து தொட்டிலை என் மடியில் வைத்தார். நான் அதை எடுத்து என் கணவரின் மடியில் வைத்தேன். மந்திரித்த பொருளைத் தரையில் வைக்கக் கூடாது. கடைசிப் பாட்டுக்கு எல்லோரும் எழுந்தபோது, அவரும் அதைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.