லிஃப்ட்டை ஓட வைத்தவர்

உங்கள் அலுவலகத்தைப் பார்வையிட மேலிடத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்றால் முதலில் என்ன செய்வீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள். ஒழுகுகிற குழாயைக் காட்டுவீர்களா, அடியில் இருக்கும் வாளியை ஒளித்து வைப்பீர்களா?

சாவிக்கொத்து என்று எல்லோரும் கூப்பிடுகிற மனிதர் ஒளித்து வைக்கிற ரகம். ஐந்து மாடி அரசு அலுவலகம் ஒன்றுக்குக் காவல், பராமரிப்பு, எடுபிடி எல்லாம் அவர்தான். இடுப்பில் கலகலத்துக்கொண்டே இருக்கும் சாவிகளால் வந்த பெயர் அது. அவருடைய மனைவி மட்டும், "ஊர்ச் சாவியெல்லாம் இருக்கு, வீட்டுச் சாவியத்தான் காணோம்" என்று சொல்வார். மறந்துவிட்டுப் போய், கதவைத் தட்டிக்கொண்டு நிற்பது அவருக்கு வாடிக்கை.

அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் ஓர் அடம்பிடித்த பிறவி. கதவு முழுதாக மூடாது, மூடாமல் நகராது. சாவிக்கொத்து உள்ளே நின்று, கதவின் கீழ் ஓரத்தை முழங்காலால் அழுத்தி, மேல் ஓரத்தில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுவார். முனகியபடி கிளம்பும். பராமரிப்பை ஒரு தனியார் கம்பெனிக்கு ஒப்பந்தம் விட்டிருந்தார்கள். டெண்டரில் மிகக் குறைவாகக் கேட்டவர்கள் அவர்கள்தான். குறைவாகக் கேட்டவர் எதைக் குறைக்கப் போகிறார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. மெக்கானிக் எப்போதாவது தலைகாட்டுவார். கதவைப் பார்த்து உச்சுக்கொட்டி, "பார்ட்ஸ் வரணும்ணே" என்பார். வந்ததே இல்லை.

நாலாவது மாடியில் வேலை பார்த்த டைப்பிஸ்டுக்குச் சிறு வயதிலேயே ஒரு கால் சூம்பிவிட்டது. ஊன்றுகோலோடுதான் நடை. காலையில் அவள் வரும்வரை சாவிக்கொத்து லிஃப்ட் வாசலை விட்டு அசைய மாட்டார்.

"அண்ணே, உங்க ஆளு இன்னைக்கு எப்படி இருக்கா?"

"மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா. நீ ஏறும்மா, நான் சமாதானம் பண்ணிக்கிறேன்."

"எத்தனை காலத்துக்குக் கெஞ்சுவீங்க? கம்பெனிக்கு ஒரு புகாரத் தட்டி விடுங்கண்ணே."

"தட்டினா உடனே வந்து பூட்டுப் போட்டுட்டுப் போயிடுவான். அப்புறம் எப்பத் திறப்பானோ. அதுவரைக்கும் நீ என்ன, பறந்து வருவியா?"

அவர் சொன்னது பொய்யில்லை. அதனால்தான் அந்த லிஃப்ட்டைப் பற்றி ஒரு புகார்கூடப் பதிவாகவில்லை.

ஒப்பந்தம் முடிகிற காலம் வந்தது. நீட்டிக்கலாமா, வேறு ஆளைப் பார்க்கலாமா என்று முடிவு செய்ய ஓர் ஆய்வுக் குழு வருவதாகத் தகவல். டைப்பிஸ்ட் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு மட்டும் நீங்க அதைத் தொடக் கூடாது. அவங்க கண்ணு முன்னாலயே நிக்கட்டும். நான் படி ஏறிக்கிறேன்."

"சரிம்மா."

மனதாரத்தான் சொன்னார். ஆனால் மறுநாள், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டைகளோடு குழு வந்து நின்றதும், பக்கத்தில் மேலாளர் கைகளைப் பிசைந்ததும், அவருக்குள் ஏதோ பதறியது. விருந்தாளிகள் முன் அழுகிற குழந்தையின் வாயைப் பொத்துவது போலத்தான். தானாகவே உள்ளே ஏறி மூலையில் நின்றார்.

"என்ன பெரியவரே, லிஃப்ட் ஒழுங்கா ஓடுதா?"

"ஜம்முனு ஓடுது சார்."

முழங்கால் அழுத்தியது, கை தட்டியது, ஒருவரும் கவனிக்கவில்லை. நாலாவது மாடியில் கதவு திறந்தபோது எதிரே டைப்பிஸ்ட். படியேறி வந்த மூச்சிரைப்பு இன்னும் அடங்கவில்லை. அதிகாரி அவளிடமும் கேட்டார். "உங்களுக்கு எதுவும் குறை உண்டாம்மா?"

அவள் சாவிக்கொத்தைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் அந்த மனிதர் அத்தனை பேர் நடுவில் பொய்யராகி நிற்க வேண்டும்.

"இல்லைங்க சார்" என்றாள்.

புகார் இல்லை, இயங்கும் நிலையில் உள்ளது, சேவை திருப்தி என்று குழு அறிக்கை எழுதியது. அதே கம்பெனிக்கே ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. கொஞ்ச நாளில் காவல் வேலையையும் வெளியாளிடம் விட்டார்கள். சாவிக்கொத்தை ஊரின் மறுகோடியில் இருந்த ஒரு கிடங்குக்கு மாற்றினார்கள். புதிதாக வந்த காவலாளிக்கு லிஃப்ட்டைத் தொட அனுமதியில்லை. அவருடைய ஒப்பந்தத்தில் அது கிடையாது.

அவர் போன மறுநாளே லிஃப்ட் நின்றது. இப்போது புகார் போனது. கம்பெனி சாவகாசமாகப் பதில் எழுதியது: நீட்டிக்கும்போது லிஃப்ட் நல்ல நிலையில் இருந்ததை உங்கள் குழுவே உறுதி செய்திருக்கிறது. கதவை மாற்றுவது புது வேலை. அதற்குத் தனி டெண்டர் விடுங்கள்.

டைப்பிஸ்ட் படியேறினாள். ஒவ்வொரு மாடியிலும் கைப்பிடியில் சாய்ந்து நின்று ஏறினாள். கீழ்த்தளத்தில் ஓர் இடம் கேட்டாள். "செக்‌ஷன் மேல இருக்கு, நீங்க மட்டும் கீழ உக்காந்தா எப்படி?" என்றார் மேலாளர். ஒருநாள் இறங்கும்போது இடறி விழுந்தாள். அதற்குப் பிறகு வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாள். பாவம், அவள் தலையெழுத்து என்று அலுவலகமே பேசிக்கொண்டது. தலையில் எவனும் எழுதவில்லை. தாளில் எழுதினார்கள், கீழே கையெழுத்தும் போட்டார்கள்.

சாவிக்கொத்து அவளைப் பார்க்கப் போனார். சின்ன வீடு. ஜன்னலோரம் உட்கார்ந்து அக்கா மகளின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் நான் பண்ணினதும்மா" என்றார்.

"நானும்தானே வாயப் பொத்திக்கிட்டு நின்னேன்? விடுங்கண்ணே. நாம ரெண்டு பேரும் அந்தக் கம்பெனிக்குச் சம்பளமே வாங்காம உழைச்சிருக்கோம். விருதாவது குடுத்திருக்கலாம் பாவிங்க."

சிரித்தாள். அவரால் முடியவில்லை.

"உன்ன மேல கொண்டுபோய் விடணும்னுதான்..."

"தெரியும்ணே. அது தெரியாமயா இருக்கேன்? அதனாலதான் உங்க மேல கோவப்படக்கூட முடியல."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இது இறங்கவில்லை. வீடு திரும்பி, அந்த லிஃப்ட்டைத் தான் எப்படி ஓட வைத்தார் என்பதை ஒன்றுவிடாமல் எழுதித் துறைக்கு அனுப்பினார். கிடைக்கப்பெற்றோம் என்று பதில் வந்தது. அவ்வளவுதான்.

அவர் செய்தது அன்பு. அதைத் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டது கம்பெனி. ஓடுகிறதா என்று மட்டும் கேட்டு, யார் ஓட்டுகிறார்கள் என்று கேட்காமல் போனது குழு. நல்ல மனிதர்களின் ஓசி உழைப்பில் ஒளிந்துகொள்ளும் ஒப்பந்தங்கள் உங்கள் பிள்ளையின் பள்ளியிலும் இருக்கும், நீங்கள் மருந்து வாங்க நிற்கும் மருத்துவமனையிலும் இருக்கும். இந்த வாரமே அங்கே போய் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்த வேலை ஒப்பந்தத்தில் இருக்கிறது, அடுத்த ஆய்வு எப்போது? அந்த நாளில் நீங்களும் போய் நில்லுங்கள். கண்ணில் பட்ட பழுதை எழுதிக் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்காமல் திரும்பாதீர்கள்.