ஜீவராணியின் ஏழு கவுன்

ஓடிப்போக நினைக்கிறவள் ஏழு கவுனையும் துவைத்து, காயவைத்து, மடித்துப் பையில் போட்டு, அந்தப் பையை ஊரே பார்க்கிற மாதிரி வாசல் இஸ்தோப்பில் தொங்கவிட்டுவிட்டா ஓடுவாள்? கட்டின துணியோடு ஓடுவாள். எங்கள் தோட்டத்தில் இதுவரை ஓடின இரண்டு பேரும் அப்படித்தான் ஓடினார்கள். ஒருத்தி செருப்பைக்கூட விட்டுவிட்டுப் போனாள். இது எங்கள் பீலிக்கரைப் பெண்களுக்கு ஏன் புரியவில்லை என்றுதான் எனக்குப் புரியவில்லை. குடத்தைப் பீலிக்குக் கீழே வைத்துவிட்டு வாயைத் திறந்தால், குடம் நிறைந்து வழிந்து ஓடுகிற வரைக்கும் ஜீவராணியின் பைதான் பேச்சு.

"பையக் கட்டி வாசல்லயே மாட்டி வச்சிருக்கா பாருங்க. எவன் என்னைக்கு விசிலடிக்கிறானோ அன்னைக்குக் கெளம்பிருவா" என்றாள் ஐயாவு பெண்சாதி.

"எவன்? பேரச் சொல்லு."

"பேரு தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?"

"தெரியாததையே இம்புட்டுச் சொல்றியே. தெரிஞ்சிருந்தா இந்த லயம் தாங்குமாடி?" என்று கேட்டுவிட்டு, என் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பதில் கேட்க நிற்கிற பழக்கம் எனக்கு இல்லை.

ஜீவராணி எங்கள் லயத்து வீட்டு வரிசையில் எனக்கு அடுத்த காம்பராக்காரி. ஓப்பநாயக்கவுக்கு மேலே தேயிலையும் ரப்பரும் கலந்த தோட்டம் எங்களுடையது. அவள் புருஷன் சுரேந்திரன் இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழியில் வேலை செய்கிறான்; இரண்டு கிழமைக்கு ஒரு தடவை சேறு காய்ந்த காலோடு வருவான். குழிக்குள் ஒரு கோவணம், வெளியே ஒரு சாரம், வீட்டுக்கு வர ஒரு கால்சட்டை, அதோடு அவன் உடுப்பு முடிந்தது. மாமியார் வெள்ளையம்மா வேலையை விட்டு வீட்டோடு இருக்கிறவள். ஜீவராணியும் கொழுந்து எடுத்தவள்தான். தொண்ணூற்றேழு ஐப்பசியில் கூடையை இறக்கிவைத்துவிட்டு, பெல்மதுளைப் பக்கம் ஒரு காமெண்டு பெக்டரிக்கு உடுப்புத் தைக்கப் போனாள். தைக்க என்று போனாளே தவிர, உட்காரவைத்தது வாசலோரத்தில், நூல் வெட்ட.

ஒல்லி, உயரம். நடக்கிறபோது முன்னே யாரோ கையைப் பிடித்து இழுக்கிற மாதிரி நடப்பாள். கண்ணில் படுகிறதையெல்லாம் எண்ணுவாள். லயத்திலிருந்து சந்திக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு எட்டு, பஸ் போகிற வழியில் இருபத்து மூன்று திருப்பம், ஒரு சட்டைக்கு எட்டுப் பொத்தான். உப்புப் போதுமா என்று கேட்டால்கூட, "இருங்க, எண்ணிப் பாத்துட்டுச் சொல்றேன்" என்பாள், சிரித்துக்கொண்டே.

விடியுமுன்னே எழும்பிப் பீலியில் தலையோடு குளிப்பாள். குளித்த பிறகு காம்பராவுக்குள்ளே கால் வைக்கமாட்டாள். இஸ்தோப்பில் ஒரு சாக்கை மறைப்பாகக் கட்டி, அதற்குப் பின்னால் நின்று உடுத்துவாள். உடுத்துமுன்னே கவுனை மூக்கில் வைத்து மோந்து பார்ப்பாள்: முதலில் கழுத்து, பிறகு கை ஓரம், பிறகு கீழ் மடிப்பு. கருவாடு வாங்குகிறவள்கூட அவ்வளவு மோந்து பார்க்கமாட்டாள். வெள்ளையம்மா ரொட்டியையும் தேத்தண்ணியையும் கதவு வழியாக நீட்டுவாள். இவள் வாசலில் நின்றே தின்றுவிட்டு ஆறு மணி பஸ்ஸுக்கு ஓடுவாள். சும்மா இருக்குமா பீலி? மாமியாரைச் சமைக்கவிட்டு மகாராணி அடுப்புப் பக்கமே வருவதில்லை என்றார்கள். மோந்து பார்க்கிறாளே, அதில் எவன் வாசனையைத் தேடுகிறாள் என்றார்கள்.

வெள்ளையம்மாவுக்கும் நெஞ்சில் முள்தான். ஒருநாள் என் காம்பராவில் வந்து உட்கார்ந்துகொண்டு, சத்தத்தைத் தணித்துச் சொன்னாள்: "ஒடம்பு ஒண்ணு. கவுனு ஏழு. மிச்சம் ஆறும் யாருக்குக் காட்டவாம்?"

நியாயமான கேள்விதான். கொழுந்து மலைக்கு இரண்டு சேலை, கோயிலுக்கு ஒன்று, சாவு வீட்டுக்கு ஒன்று என்று நாலு சேலையில் நான் ஆறு பிள்ளைகளை வளர்த்தவள். சந்தையில் துணி விரிக்கிற சாலி நானாவே ஏழாவது கவுனை மடித்துக் கொடுக்கிறபோது, "என்ன மகள், லயத்துலே கடை போடப் போறியா?" என்று கேட்டாராம். எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் துணி காயும் கொடியைப் பார்த்துக் குடும்பத்தைச் சொல்லுவேன். அவள் கொடி மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. எல்லாரும் மழை நாளில் அடுப்புக்கு மேலே கம்பி கட்டித் துணி காயப்போடுவோம். அவள் மட்டும் வெளியே, பின்சுவர் ஓரத்தில், கூரைத் தகரத்தின் கீழே கம்பி கட்டிப் போடுவாள். சாரல் அடிக்கிற இடம் அது. இந்தப் பக்கத்து மழையில் அங்கே போட்ட துணி எப்போது காயும்?

கேட்டே விட்டேன். அவள் சொன்னதை இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது அவளே "சொல்லிருங்க அம்மாயி" என்றுவிட்டாள்; அதனால்தான் வாயைத் திறக்கிறேன்.

வேலைக்குப் போன முதல் கிழமை. பஸ்ஸில் அவள் பக்கத்தில் ஒரு சிங்களப் பிள்ளை வந்து உட்கார்ந்தது. இரண்டு திருப்பம் போனதும் எழும்பிப் பின்னால் போய் நின்றுகொண்டது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் இவள் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து, "ஐ நங்கி?" என்று கேட்டாள். ஏன் தங்கச்சி என்று. அந்தப் பிள்ளைக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. "தும் கந்தக் எனவா அக்கே" என்றது. புகை நாற்றம் வருகிறது, வளைவில் குமட்டுகிறது என்று.

"எனக்கு வெளங்கவே இல்லீங்க அம்மாயி" என்றாள் ஜீவராணி. "என்னா பொகை? நான் குளிச்சிட்டுத்தான போறேன்? அப்பறம் காமெண்டுல மேடமும் அதையே சொன்னாங்க. தச்ச சட்டையப் பொலித்தீன்ல போட்டு ஒட்டிக் கப்பலேத்துறாங்களாம். உள்ள கொஞ்சம் பொகை வாடை போனாலும் பெட்டியோட திரும்பி வந்துருமாம். இந்த வாடை போற வரைக்கும் ஒனக்கு மெஷின் கெடையாது, வாசல்ல ஒக்காந்து நூல் வெட்டுன்னுட்டாங்க."

நான் என் முந்தானையை எடுத்து மோந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ரப்பர் விறகுப் புகையிலேயே பிறந்து, அதிலேயே கிழவியானவளுக்கு என்ன தெரியும்? பகல் முழுக்கக் காமெண்டில் இருந்துவிட்டு வருகிறவள் மூக்குக்குத்தான் அது பிடிபடும்.

"அதுக்கு எதுக்குடி ஏழு?"

"வாங்க" என்று பின்சுவருக்கு இழுத்துக்கொண்டு போனாள். சுவரில் கரிக்கோடு. ஒரு கவுனைத் துவைத்துக் கம்பியில் போட்ட அன்றிலிருந்து, நாளுக்கு ஒன்றாகக் கிழித்திருக்கிறாள். அடைமழையில் அடுப்புப் பக்கம் போகாமல் காற்றிலேயே ஒரு கவுன் காய ஐந்து நாள், ஐந்து கோடு. அப்படி நாலு வரிசை. "கம்பியில அஞ்சு, ஒடம்புல ஒண்ணு, ஆறாச்சா? காத்து திரும்பிச் சாரல் அடிச்சா ஒண்ணு மறுபடி நனைஞ்சிரும். அதுக்கு ஒண்ணு. இந்த ஏழ நான் எண்ணலீங்க அம்மாயி, மழை எண்ணுச்சு."

காய்ந்ததைக் காம்பராவுக்குள் வைத்தால் அங்கேயும் புகை பிடிக்கும். அதனால்தான் பை. உரச் சாக்குக்கு உள்ளே வருகிற கெட்டிப் பொலித்தீன் பையைக் கழுவி, கவுன்களை அடுக்கி, ஒரு சவுக்காரத் துண்டையும் போட்டு, வாயை இறுக்கக் கட்டி இஸ்தோப்பில் தொங்கவிட்டிருக்கிறாள். இதைத்தான் ஓடிப்போகிற பை என்றது ஊர்.

"ஈரத்தோட போயிருக்கலாமேடி" என்றேன்.

"போகலாந்தான். மழை நாள்ல பாதிப் பேரு நனைஞ்சுதான் பஸ்ஸுல ஏறுவாங்க, ஈரத்துக்கு யாரும் மூஞ்சியச் சுளிக்கிறதில்ல. ஆனா தெனமும் ஈரத்தோட ஒக்காந்தா நெஞ்சு சளி கட்டிக்குதே. ரெண்டு வாட்டி காச்சல்ல படுத்தேன்." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தைகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க. முப்பது வருசமா அந்த அடுப்புல ஊதி ஊதி ஆக்கிப் போடுறாங்க. அது நாறுதுன்னு நான் எப்பிடிங்க சொல்றது?"

அன்றிலிருந்து பீலியில் நான் போட்ட சண்டையெல்லாம் காரணம் சொல்லாமல் போட்ட சண்டை. அது எவ்வளவு கஷ்டம் என்று சண்டைக்காரிகளுக்குத் தெரியும்.

வைகாசி மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை. சந்தியிலிருந்து அறுநூற்றுப் பன்னிரண்டு எட்டையும் ஒரே ஓட்டமாக ஓடி வந்தாள். இஸ்தோப்பில் நின்று மூச்சு வாங்கினாள். "அம்மாயி, அத்தை, ஒரு மெஷின் காலியாகுது. வியாழக்கெழமை டெஸ்ட். காலர் தச்சுக் காட்டணும். மூணு பேருல ஒருத்தர எடுப்பாங்க. இன்னைக்கு மேடம் என் கிட்டக்க வந்து நின்னாங்க." என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். "'தென் ஹொந்தய்'னாங்க." இப்போது நல்லது என்று அர்த்தம். எது நல்லது என்று எனக்கும் அவளுக்கும்தான் தெரியும். இன்னொன்றும் சொன்னாள், சிரிப்பில்லாமல். மாசக் கடைசியில் நூல் வெட்டுகிறவர்களில் பாதிப் பேரை நிறுத்தப்போகிறார்களாம். மெஷின் கிடைத்தால் வேலை. கிடைக்காவிட்டால் மறுபடியும் கூடை, மலை, அட்டைக்கடி.

வெள்ளையம்மாவுக்கு ஏழு கவுனும் அந்த நிமிஷமே மறந்துபோயிற்று. குடத்தில் தண்ணீர் இருக்கும்போதே குடத்தைத் தூக்கிக்கொண்டு பீலிக்குப் போனாள். "என் மருமக மெஷின்ல ஒக்காரப் போறா" என்று அங்கே நின்று சொன்னாள். "விசிலடிக்கிறவன் வந்தா நல்லா அடிக்கச் சொல்லுங்க. மெஷின் சத்தத்துல அவளுக்குக் கேக்காது." ஐயாவு பெண்சாதிக்கு அன்று சீக்கிரமே குடம் நிறைந்துவிட்டது.

மறுநாள் புதன்கிழமை நான் கண்ணை டொக்டரிடம் காட்டப் பலாங்கொடைக்குப் போயிருந்தேன். நான் இருந்திருந்தால் தடுத்திருப்பேன். சாயங்காலம் ஜீவராணி வந்தபோது கம்பி வெறுமையாக இருந்திருக்கிறது. "எல்லாம் காஞ்சிருச்சு, மடிச்சுப் பையில வச்சிட்டேன்" என்றாள் வெள்ளையம்மா. காமெண்டுக்குள் இருந்தவளுக்கு வெளியே வெயிலா மழையா என்று தெரியாது. மத்தியானம் வெயில் அடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். போட்டிருந்த கவுனைத் துவைத்து, பின்சுவர்க் கம்பியில் போட்டுவிட்டுப் படுத்தாள்.

வியாழக்கிழமை விடியல். பெரிய மழை. நான் என் இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கிறேன். ஜீவராணி குளித்துவிட்டு வந்து, சாக்கு மறைப்புக்குப் பின்னால் நின்று பையை அவிழ்த்தாள். முதல் கவுனை எடுத்து மூக்கில் வைத்தாள். அப்படியே நின்றாள். இரண்டாவது. மூன்றாவது. ஆறையும் மோந்து பார்த்தாள். மறைப்புக்கு மேலே அவள் கண் மட்டும் என்னைத் தேடி வந்தது.

கதவில் வெள்ளையம்மா, ரொட்டித் தட்டோடு, முகமெல்லாம் பூரிப்பு. "எப்பிடி, நல்லா மொறுமொறுன்னு இருக்கா? பாவம் புள்ள, டெஸ்டு நாளும் அதுவுமா ஈரக் கவுனோட போகக்கூடாதுன்னு நேத்துப் பூரா அடுப்பு மேல போட்டுப் பொரட்டிப் பொரட்டிக் காய வச்சேன். வெறகு முக்கா கட்டு போச்சு."

எனக்கு வாய் வரைக்கும் வந்தது. ஜீவராணி என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினாள். வேண்டாம்.

"நல்லா காஞ்சிருக்கு அத்தை" என்றாள். ஆறையும் ஒவ்வொன்றாக மடித்துப் பையில் வைத்துக் கட்டினாள். பிறகு பின்சுவருக்குப் போய், முதல் நாள் துவைத்துப் போட்ட நீலப் பூக் கவுனை எடுத்துப் பிழிந்தாள். தண்ணீர் கொட்டியது. அதையே போட்டுக்கொண்டு வந்தாள்.

வெள்ளையம்மா பதறிவிட்டாள். "ஏண்டி, ஆறு காஞ்சது கெடக்கு, சொட்டச் சொட்ட இதப் போடுறியே?"

"இதுதான் எனக்கு ராசி அத்தை."

"ராசிக்குக் காச்சல் வராதா?"

"இன்னைக்கு ஒருநாள் வராது" என்று குனிந்து மாமியார் காலைத் தொட்டாள். வாசற்படியில் இறங்கினாள். வெள்ளையம்மா உள்ளே ஓடி, வீட்டில் இருந்த ஒரே குடையை எடுத்துக்கொண்டு மழைக்குள்ளேயே துரத்திப் போய் அவள் கையில் திணித்தாள். இவள் வாங்கி, மாமியார் பார்க்க விரித்துப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வெள்ளையம்மா கும்பிட்டுவிட்டு உள்ளே போனாள்.

என் இஸ்தோப்பு லயத்தின் கடைசி. அங்கிருந்து பார்த்தால் தேயிலைக்கு நடுவே கீழ்த் திருப்பம் தெரியும். திருப்பம் வந்ததும் ஜீவராணி நின்றாள். ஒருமுறை லயத்தைத் திரும்பிப் பார்த்தாள். நனைந்து ஏறுகிற பாதிப் பேரில் தானும் ஒருத்தியாகிவிட, குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கொட்டுகிற மழையில் பஸ்ஸைப் பார்த்து நடந்தாள்.