வளைவுக்காகப் பூட்டிய கேட்

போன வாரம் நான் படித்த அரசுப் பள்ளிக்கு எம்.எல்.ஏ. வந்தார். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற மெயின் ரோட்டின் மேலேயே இருக்கிறது பள்ளி. பெற்றோர் கூட்டம். முன்னாள் மாணவன் என்று எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள்.

பிள்ளைகளின் பாதுகாப்புதான் தன் முதல் முன்னுரிமை என்றார். பிறகு ஸ்மார்ட் போர்டு, கழிப்பறை, கேமரா... நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். 'முதல் முன்னுரிமை' மட்டும் நான்கு!

என் கண் அவர் மேல் இல்லை. பின்பக்கத்துச் சின்ன இரும்புக் கேட்டின் மேல் இருந்தது. அதில் பூட்டு தொங்கியது.

படிக்கும்போது நாங்கள் அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போவோம். வெளியே வண்டி வராத சின்னத் தெரு. சாரல் காலத்தில் புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடுவோம். கணக்கு சார் கேட்டில் நின்று ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணுவார். ஒரு தலை குறைந்தாலும் யாரையும் விடமாட்டார். "எவம்லே இன்னும் மாமரத்துல தொங்குதான்?" என்று அவர் போடும் சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. எண்ணும் வியாதி எனக்கு அவரிடமிருந்துதான் தொற்றியிருக்க வேண்டும்.

மெயின் ரோட்டில் அப்போது என்ன ஓடியது? இடைவேளை முழுக்க மதிலில் உட்கார்ந்து கார் எண்ணினாலும் ஒரு கையில் விரல் மிச்சமிருக்கும். இப்போது, சீசனில்? எண்ணிப் பார்த்துத் தோற்றுவிட்டேன்.

கூட்டத்தில் மாரிச்செல்வி எழுந்தாள். மகள் மூன்றாம் வகுப்பு.

"அண்ணாச்சி, கேமரா கெடக்கட்டும். பின் கேட்டை எதுக்குப் பூட்டிப் போட்டிருக்காவ?"

தலைமை ஆசிரியை நெளிந்தார். "எம்.எல்.ஏ. சார் நிதியில முன்வாசல்ல வளைவு கட்டினோம்லா... திறப்பு விழாவுக்கு எல்லாப் பிள்ளைகளும் அது வழியா வரணும்னு பூட்டினது."

"விழா முடிஞ்சு ஒரு சீசனே போயிட்டே, டீச்சர்!"

"வளைவு நல்லாத்தானம்மா இருக்கு?" என்றார் எம்.எல்.ஏ.

"நல்லாத்தான் இருக்கு. அதைத் தாண்டினா வேன் பறக்குது. நேத்து எம்மவ பையை ஒண்ணு உரசிட்டுப் போயிட்டு. ஒரு சாண் முன்னால நின்னிருந்தா..." அவள் வளைவுப் பக்கம் கையைக் காட்டினாள். "மணி அடிக்கிற வரைக்கும் இருங்க அண்ணாச்சி. வந்து நின்னு பாருங்க."

அடுத்த ஊரில் அவருக்காகக் காத்திருந்தார்கள். ஆனாலும் நின்றார். அதற்கு அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

மணி அடித்தது. பிள்ளைகள் வளைவு வழியாகப் பாய்ந்து வந்தார்கள். ஈர ரோட்டில் ஒரு வேன் ஹார்ன் அலற, பிரேக் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு வந்தது. எம்.எல்.ஏ. தாவி, கைக்கு எட்டிய இரண்டு பேரைச் சட்டையைப் பிடித்து இழுத்தார். வேன் யார் மேலும் படாமல் தாண்டிப் போனது. வெள்ளை வேட்டி முழுக்கச் சேறு.

"பின் கேட்டுச் சாவி எங்க?" என்று கத்தினார்.

யாருக்கும் தெரியவில்லை. பாதுகாப்பு என்றாலே நமக்குப் புதிதாக ஏதாவது வாங்கத்தான் தோன்றுகிறது. இருக்கிற கதவின் சாவியைத் தேடத் தோன்றுவதில்லை, இல்லையா?

பூட்டை உடைத்தார்கள். மாரிச்செல்வி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு முதலாவதாக வெளியே போனாள்.

உதவியாளர் மெல்லக் கேட்டார்: "அண்ணாச்சி, வளைவுல உங்க பேரு போட்டிருக்கே... இனி யாரு பாப்பாவ?"

"குத்தாலத்துக்குக் குளிக்கப் போறவன் பாக்கட்டும்லே."

அவர்களுக்கு இந்தத் தொகுதியில் ஓட்டு இல்லை என்பது வேறு விஷயம்!