உப்பளத்தில் எடுத்த மாதிரிப் படங்கள்

எங்கள் தெருவில் யார் கேமரா வாங்கினாலும் முதலில் செந்தூர்வேல் அண்ணாச்சியிடம் காட்டிவிட்டுத்தான் அதற்குச் சந்தனம் வைப்பார்கள். அவருடைய ஸ்டூடியோவுக்கு அடுத்த கடை என்னுடையது. ஜெராக்ஸ், லேமினேஷன் போடுகிறேன். பதினாறு வருடமாக அவர் பேச்சைக் கேட்டுக்கேட்டு, கேமராவைத் தொடாமலே எனக்கும் பாதித் தொழில் வந்துவிட்டது. மனிதர் தங்கமானவர், ஆனால் வாயைத் திறந்தால் மூடமாட்டார். "எந்தக் கேமரா வாங்கலாம் அண்ணாச்சி?" என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு. கேட்டவன் டீ குடித்து, வடை தின்று, மறுபடியும் டீ குடித்துவிட்டுத்தான் படி இறங்க முடியும்.

"கம்பெனிக்காரன் வெப்சைட்டுல சாம்பிள் போட்டோன்னு போடுதான் பாரு, அதெல்லாம் பொண்ணு பாக்க அனுப்புத போட்டோ மாதிரிலே" என்பார். "பனி மலை, சன்னல் ஓரத்துல வெள்ளக்காரப் புள்ள, கொப்புல ஒரு குருவி. எடுத்தவன் பெரிய கை. மாட்டுன லென்ஸு பெரிய லென்ஸு. வெளிச்சமும் அவன் சொன்ன பேச்சக் கேக்கும். நம்மூரு மண்டபத்துல வந்து எடுக்கச் சொல்லு, பாப்போம்."

அவருக்கென்று ஒரு சோதனை உண்டு. புதுக் கேமரா வந்ததும் தருவைகுளம் ரோட்டில் இருக்கும் ஓர் உப்பளத்துக்குப் போவார், காலை பதினொரு மணி வெயிலில். அங்கே உப்பு அள்ளும் தங்கத்தாய் அக்காவைக் குவியலுக்கு முன்னால் நிறுத்தி முகத்தை மட்டும் எடுப்பார். பின்னால் கண்ணைக் கூசும் வெள்ளை, முன்னால் வெயிலில் கறுத்த முகம். உப்பின் கல்லும் தெரிய வேண்டும், முகத்துச் சுருக்கமும் தெரிய வேண்டும், அதுவும் ஒரே படத்தில். "கறுத்த மாப்பிள்ளைக்கு வெள்ள வேட்டி கட்டி லைட்டுக்கு முன்னால நிறுத்துதோம். உப்பளத்துல பாஸானா மண்டபத்துலயும் பாஸு" என்பது அவர் கணக்கு.

பிறகு ஸ்டூடியோவுக்கு வந்து, அக்காவின் இடது கண்ணை மட்டும் கம்ப்யூட்டர் திரை நிறையப் பெரிதாக்கி, இமை முடியை ஒவ்வொன்றாக எண்ணுவார். எண்ணும்போது தன்னுடைய இடது கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். ஃபிலிம் காலத்தில் நெகட்டிவைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த பழக்கம். எந்தப் படத்தை எடைபோடுவதானாலும் ஒற்றைக் கண்தான். வலது கண் தொழிலுக்கு, இடது கண் வீட்டுக்கு என்று சொல்லிச் சிரிப்பார். பன்னிரண்டு வருடத்தில் நான்கு கேமரா மாறியது. நான்குக்கும் அதே முகம், அதே வெயில், அதே கண்.

இந்த வைகாசியில் ஐந்தாவது கேமரா வந்தது. பழைய கேமரா ஒரு கல்யாணத்தின் நடுவிலேயே உயிரைவிட்டிருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஜாரில் மொத்த வியாபாரம் செய்பவர் ஒருவரின் மகளுக்குக் கல்யாணம். அந்தப் பெண்ணின் முதல் மொட்டை, காதுகுத்து, சடங்கு எல்லாமே அண்ணாச்சி எடுத்ததுதான். "என் கல்யாணத்த நீங்கதான் மாமா எடுக்கணும்" என்று அந்தப் பிள்ளையே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தது.

பெட்டியைப் பிரித்து, கடைக்குள்ளேயே தன் மனைவி சீனித்தாய் மதினியை நிறுத்தி நாலு படம் எடுத்தார். திரையில் போட்டு, இடது கண்ணை மூடிப் பார்த்தார். அண்ணாச்சி ஒரு கேமராவைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

"பால் ஆடை படிஞ்ச மாதிரில்லா இருக்கு" என்றார் கடைசியில்.

"எனக்கு நல்லாத்தான தெரியுது" என்றார் மதினி.

"ஒனக்கு என்னளா தெரியும்?"

கேமராவைத் திருப்பி அனுப்பி வேறு வாங்கினார். நாலு நாளில் வந்தது. அதிலும் பால் ஆடை. லென்ஸைத் துடைத்தார், திரையைத் துடைத்தார். கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் ஓரத்தில், பார்வைக்குத் தக்கபடி திருப்பிக்கொள்ளும் சின்னச் சக்கரத்தை முன்னும் பின்னும் திருகித் திருகி அதன் ரப்பர் பிய்ந்ததுதான் மிச்சம். கம்பெனி போட்ட மாதிரிப் படங்களைத் திறந்து வைத்து, அதையும் ஒற்றைக் கண்ணால் பார்த்தார். அதுவே மங்கலாகத்தான் தெரிந்தது. "பாத்தியாலே, அவன் சாம்பிளே லெச்சணம் இல்ல" என்றார். நானும் எட்டிப் பார்த்தேன். குருவியின் ஒவ்வொரு சிறகும் எனக்குத் தெரிந்தது. சொன்னேன். பாவம், இவனுக்கு அவ்வளவுதான் என்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

அதே கேமராவை வாங்கியிருந்த ஜாய்சனை வரச் சொன்னார். ஜாய்சன் சின்னக்கடைத் தெருப் பக்கம் ஸ்டூடியோ வைத்திருப்பவர். தன் படங்களைச் சந்தோஷமாகக் காட்டினார். அண்ணாச்சி பார்த்துவிட்டு, "ஒன் கேமராவும் போச்சுடே. மொத்தச் சரக்கும் பழுது" என்று தீர்ப்புச் சொன்னார். ஜாய்சன் முகம் செத்துப்போனது. எனக்குக் கோபம்தான் வந்தது. தனக்குப் பிடிக்காவிட்டால் அடுத்தவன் சந்தோஷத்திலுமா மண்ணைப் போட வேண்டும்?

ஆனால் செவ்வாய்க்கிழமை மதியம் அவர் என் கடைக்குள் வந்து நின்ற கோலத்தைப் பார்த்ததும் கோபமெல்லாம் போய்விட்டது. சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டிருந்தார். சரியாகச் சாப்பிட்டு மூன்று நாளாகிறது என்று மதினி சொல்லியிருந்தார்.

"ஏலே நயினாரு, வியாழக்கிழமைக்குள்ள இத அனுப்பினாத்தான் கம்பெனிக்காரன் திருப்பி எடுத்துக்கிடுவான். அனுப்பிட்டா ஞாயித்துக்கெழமைக்குக் கையில கேமரா கிடையாது. வச்சிக்கிட்டா அந்தப் புள்ள கல்யாணம் பூராவும் பால் ஆடை. தாலி கட்டுதது ஒரு நிமிசம்லே. இன்னொருக்கக் கட்டுன்னு சொல்ல முடியுமா?"

"அண்ணாச்சி, எல்லாருக்கும் நல்லாத் தெரியுது. ஒங்களுக்கு மட்டும்..." என்று நான் இழுத்தேன்.

அவர் கண்ணில் ஒரு பயம் வந்து போனது. அதை நான் பார்த்தேன். பார்த்தது அவருக்கும் தெரிந்துவிட்டது. சட்டென்று குரலை உயர்த்தினார். "நாளைக்கு உப்பளத்துக்குப் போறோம். நீதான் வண்டி ஓட்டுத. இப்ப எல்லாவனும் எல்.இ.டி. லைட்டப் போட்டுக்கிட்டு எதுத்தாப்புல வாரான், ரோடே தெரிய மாட்டேங்கு." பதினொரு மணி வெயிலுக்குப் போகிற பயணத்தில் எவன் லைட் போட்டு வரப்போகிறான்? கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

புதன்கிழமை போனோம். பாத்திகளில் வெயில் கண்ணாடியாகக் கிடந்தது. தங்கத்தாய் அக்கா தலையில் இருந்த உப்பைக் குவியலில் கொட்டிவிட்டு, சேலைக்கு மேல் போட்டிருந்த ஆம்பளைச் சட்டையை உதறிக்கொண்டு வந்தாள். ஐம்பது வயது இருக்கும். எங்களைப் பார்க்கும்போது தலையைக் கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தாள்.

"புது மிசினா அண்ணாச்சி? இங்கனயே நிக்கவா?"

"நில்லு தங்கத்தாயி. தலைத்துணிய மேல ஏத்து. கண்ணு தெரியணும்."

எடுத்தார். பத்து, இருபது, முப்பது படம். ஒவ்வொன்றுக்கும் கேமராவின் பின்பக்கத் திரையை முகத்தோடு ஒட்டிவைத்து, இடது கண்ணை மூடிப் பார்த்தார். "இல்ல... இல்ல..." என்று முனகினார். கேமராவைக் கீழே போட்டுவிடுவாரோ என்று பக்கத்தில் போய் நின்றேன். அவர் உப்புக் குவியலின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"முப்பது வருசம் தங்கத்தாயி. ஊருக்கெல்லாம் நான்தான் பாத்துச் சொன்னேன். இப்ப எந்தக் கேமராவக் குடுத்தாலும் மங்கலாத்தான் எடுக்கு."

அக்கா அவர் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். "மங்கலா எடுக்கா, மங்கலாத் தெரியுதா அண்ணாச்சி?"

அவர் சட்டை நுனியால் கேமராத் திரையை மறுபடியும் துடைத்தார்.

"லைட்டப் பாத்தா சுத்தி வட்டம் வட்டமாத் தெரியுமே?"

"அது எல்.இ.டி. லைட்டு..."

"இங்கன எவளாவது மங்கலா இருக்குன்னு சொன்னா நாங்க ஒண்ணு செய்வோம். கோவிச்சுக்கிடாதிய." உப்பு காய்ந்து வெடித்த தன் உள்ளங்கையால் அவருடைய வலது கண்ணைப் பொத்தினாள். "இப்ப அந்த மிசின்ல இருக்க படத்தப் பாருங்க."

வீட்டுக்கு என்று ஒதுக்கி வைத்திருந்த இடது கண்ணால் அண்ணாச்சி பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அக்கா கையை எடுத்து மறு கண்ணைப் பொத்தினாள். திரும்ப மாற்றினாள். மூன்றாம் தடவை மாற்றும்போது அவர் அழுதுகொண்டிருந்தார்.

"புரைதான் அண்ணாச்சி. எங்க கூட்டத்துல நாலு பேருக்கு ஆப்ரேசன் ஆயிருக்கு. அரை மணி நேர வேலை, பயப்படாதிய" என்று சொல்லிவிட்டு, மேஸ்திரி சத்தம் போடவும் எழுந்து ஓடினாள்.

ஸ்டூடியோவுக்கு வந்ததும் படத்தைத் திரையில் போட்டார். இந்தத் தடவை வலது கண்ணைப் பொத்திக்கொண்டார். உப்பின் கல் தெரிந்தது, முகத்தின் சுருக்கம் தெரிந்தது. கேமரா பாஸ். எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. மதினி வாய்விட்டே "முருகா" என்றார். ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணம் பிழைத்தது.

வழக்கம்போல அக்காவின் இடது கண்ணைப் பெரிதாக்கி, இமை முடியை எண்ணத் தொடங்கினார். ஏழு, எட்டு. அதோடு நின்றுவிட்டார்.

"ஏலே நயினாரு, இது என்னது?"

வெள்ளைவிழியின் ஓரத்திலிருந்து சிவப்பு நரம்போடிய ஒரு சதை வளர்ந்து, கருவிழி மேல் ஏறி, நடுவில் இருக்கும் கண் பாப்பாவைத் தொட்டுக்கொண்டிருந்தது. காலையில் இரண்டு முழத் தூரத்தில் நின்று அந்த முகத்தைப் பார்த்தவன் நான். அக்கா தலையைச் சாய்த்துப் பார்த்ததைக் கவனித்தேன், ஏனென்று யோசிக்கவில்லை.

அண்ணாச்சி பழைய மாதிரிப் படங்களைத் தேடி எடுத்தார். முதல் கேமரா, பன்னிரண்டு வருடத்துக்கு முந்தியது: கண் சுத்தமாக இருந்தது. இரண்டாவதில் மூக்கோரமாக அரிசி அளவுக்கு ஒரு மஞ்சள் புள்ளி. மூன்றாவதில் அது கருவிழியின் விளிம்புக்கு வந்திருந்தது. நான்காவதில் விளிம்பைத் தாண்டியிருந்தது. ஒவ்வொரு படத்திலும் இமை முடி ஊசி மாதிரிக் கூர்மையாக இருந்தது.

"இதே கண்ணத்தான பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்தேன். மயிர எண்ணிக்கிட்டுல்லா இருந்திருக்கேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். மதினி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

கல்யாணத்தை இடது கண்ணால் எடுத்தார். பழக்கம் விடுமா? கேமரா தானாக வலது கண்ணுக்குப் போக, நினைத்து நினைத்து மாற்றிக்கொண்டார். துணைக்கு ஜாய்சனையும் கூப்பிட்டிருந்தார். "கேமராவுக்கு ஒண்ணும் இல்லடே, கோளாறு எனக்குத்தான்" என்று முகூர்த்தத்துக்கு முன்னாலேயே அவரிடம் சொல்லிவிட்டார். தாலி கட்டும் அந்த ஒரு நிமிடம் நான் பந்தலில் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். படம் நன்றாக வந்தது.

திங்கட்கிழமை தங்கத்தாய் அக்காவையும் கூட்டிக்கொண்டு மூவருமாகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். "சீசன் முடியட்டும் அண்ணாச்சி" என்று அவள் எவ்வளவோ சொன்னாள். அவர் உப்பளத்து வரப்பை விட்டு நகரவில்லை. நகராமல் நின்றே கூட்டி வந்துவிட்டார்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். அண்ணாச்சிக்குப் புரை, ஆபரேஷன் செய்தால் பழையபடி தெரியும் என்றார். அக்காவின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தபோதுதான் அவர் முகம் மாறியது.

"சதையை எடுத்துடலாம்மா. ஆனா அது ஏறின இடத்துல தழும்பு நிக்கும். முழுசாத் தெளிவா வரும்னு சொல்ல முடியாது. எப்ப இருந்து இருக்கு?"

"நெனவு இல்லம்மா. ஒரு ரெண்டு வருசம் இருக்கும்."

அண்ணாச்சி பையிலிருந்து ஓர் உறையை எடுத்தார். நான்தான் பிரிண்ட் போட்டுக் கொடுத்திருந்தேன். ஐந்து படம், ஒவ்வொன்றின் கீழும் தேதி. டாக்டர் அவற்றை மேசையில் வரிசையாக வைத்தார். மூன்றாவது படத்தின் மேல் விரலை வைத்தார்.

"இந்தச் சமயத்துல வந்திருந்தா பார்வைக்கு ஒண்ணுமே ஆகியிருக்காது" என்றார். பிறகு ஐந்தையும் மறுபடி கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "என்ன துல்லியமா இருக்கு! எங்க மெஷின்ல எடுத்தாக்கூட இப்படி வராது. எந்தக் கேமரா சார்?"

அண்ணாச்சி வாயைத் திறந்தார். எத்தனை பேர் கேட்ட கேள்வி அது, எத்தனை டீ ஆறிப்போன கேள்வி. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கத்தாய் அக்கா அவருக்காகப் பதில் சொன்னாள், பெருமையோடுதான் சொன்னாள்.

"நல்ல கேமராதான் டாக்டரம்மா. எங்க அண்ணாச்சி என் மூஞ்சிய வச்சுப் பாத்துதான் வாங்குவாவ."