சரவெடி பார்த்துத் தேர்ந்த கடை

மோதகத்தில் மனம் வைத்த மூத்த பிள்ளையே, மாவுக்குள் பூரணத்தை ஒளித்துவைக்கும் வித்தையில் மகிழ்பவனே, சீனர் தம் மாவுக்குள் ஒளித்துவைத்ததைத் தேடிப்போன கதையைச் சொல்ல வந்தேன். சொல்லில் குற்றம் நேராமல் காப்பாய். விரதத்தில் நேர்ந்த குற்றத்தை முன்பே பொறுத்துவிட்டாய் என்று நம்புகிறேன்.

அன்று மாசி மகம், முழுநிலவு நாள். விருதுநகரில் கோயில் வாசலில் நின்றிருக்க வேண்டியவன், சிங்கப்பூரில் மகள் வீட்டில் இருந்தேன். அவளுக்கு எட்டாம் மாதம். படுக்கையை விட்டு இறங்கலாகாது என்பது மருத்துவர் கட்டளை. மருமகன் வேலையாக வெளியூர் போயிருந்தார். மூன்று நாளாக அவள் சோற்றைக் கண்டால் முகம் திருப்பினாள். என் மனைவி வைத்ததெல்லாம் தட்டிலேயே ஆறியது. மகள் கேட்டது ஒன்றே ஒன்று: சைனாடவுனில் விற்கும் டிம் சம். ஆவியில் வேகும் சின்னஞ்சிறு கொழுக்கட்டை அது. தோல் கண்ணாடிபோல் இருக்க வேண்டும். உள்ளே கீரையும் காளானும் மட்டுமே இருக்க வேண்டும். போனில் வரவழைத்தது ஈர மூட்டையாக வந்து சேர்ந்தது. ஒரு கடி கடித்து ஒதுக்கிவிட்டாள்.

"நல்ல கடையாப் பாத்து நீங்களே வாங்கிட்டு வாங்கப்பா. வேற எதுவும் உள்ள இறங்க மாட்டேங்குது," என்றாள்.

சூலி கேட்டதைக் கொடுக்காவிட்டால் பிள்ளைக்குக் காது ஒழுகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதைக் காட்டிலும் அவளுடைய ஒட்டிய கன்னம் என்னை வருத்தியது.

எம். புதுப்பட்டியில் பட்டாசுக் கம்பெனி வைத்திருப்பவன் நான். சீனப் பட்டாசு கள்ளத்தனமாக வந்து எங்கள் சீசனைக் கெடுக்கிறது என்று கூட்டந்தோறும் தொண்டை வறளப் பேசியவன். அத்தகையவன் சீனர் தெருவில் தூக்குவாளியோடு நிற்பதை ஊரார் எவரும் பார்த்துவிடலாகாதே என்று, திருநீற்றைச் சற்றுப் பட்டையாகவே பூசிக்கொண்டு, மகளுக்குப் பக்கத்து வீட்டுக்காரரைத் துணைவைத்துவிட்டு, மனைவியோடு புறப்பட்டேன்.

அந்தத் தெருவில் இரண்டு வாசலுக்கு ஒரு டிம் சம் கடை. பலகைகளில் என்ன எழுதியிருக்கிறது என்று எங்களுக்குத் தெரியவில்லை. வரிசை நீண்ட கடையை நம்பலாம் என்றால், வரிசையில் நின்றவர்கள் உண்பதைவிடப் படம் எடுப்பதிலேயே கருத்தாக இருந்தார்கள். அப்போதுதான் சீனப் புத்தாண்டுக்காக வாசல்தோறும் தொங்கிய செந்நிறச் சரவெடிகள் கண்ணில் பட்டன. வெடிக்கத் தடையுள்ள ஊர். எல்லாம் மருந்தில்லா அலங்காரம். ஆயினும் அந்தத் தெருவில் எனக்கு வாசிக்கத் தெரிந்தது அது ஒன்றுதான். முதற்கடையில் பிளாஸ்டிக் சரம், கடந்தேன். அடுத்ததில் குழல்களை அட்டையில் பசைபோட்டு ஒட்டியிருந்தார்கள். மாவிலும் இந்த ஒட்டுவேலைதான் இருக்கும் என்று தீர்ப்பு வழங்கினேன்.

"சாப்பாட்டுக் கடைக்கு வந்து வெடியப் பாக்குறீக. ஆர்டர் எடுக்கப் போறீகளா?" என்றாள் மனைவி.

இரண்டு பதிகம் சொல்லி முடிக்கும் தொலைவு நடந்தபின், ஒரு சந்தில் அதைக் கண்டேன். தாளைச் சுருட்டிய குழல்கள்; ஒவ்வொன்றும் கையால் பின்னப்பட்டிருந்தது. நெஞ்சு குழைந்தது. எங்கள் கம்பெனியில் சரத்தைப் பெட்டியில் வைக்கும் முன் வாலைப் பிடித்து ஒருமுறை சுண்டிப் பார்ப்போம். கை என்னைக் கேட்காமலே சுண்டிவிட்டது. சரம் முழுவதும் அவிழ்ந்து, உற்சவருக்குச் சாத்திய மாலைபோல் என் தோளில் விழுந்தது.

என் வயதொத்த கடைக்காரம்மாள் கரண்டியோடு வெளியே வந்தார். அவர் மொழி அறியேன், சொன்னதெல்லாம் புரிந்தது.

"நல்ல நாளும் அதுவுமா அந்தம்மா வாசல அவுத்துப் போட்டீகளே. உக்காந்து கட்டிக் குடுத்துட்டு எந்திரிங்க," என்று மனைவி முக்காலியை இழுத்துப் போட்டாள்.

பின்னிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. எங்கள் கம்பெனிப் பெண்கள் பார்த்திருந்தால் வேலையைப் போட்டுவிட்டுச் சிரித்திருப்பார்கள். முதல் முழம் முடிந்தபோது அம்மாளின் கரண்டி தாழ்ந்தது. இரண்டாம் முழத்தில் அவரே மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவதை நான் தனியே முடித்தேன். அதற்குள் அம்மாள் என் மனைவியைக் கையோடு அடுப்படிக்கு அழைத்துப் போய்விட்டிருந்தார். சரத்தைத் தொங்கவிட்டதும் அவர் வந்து சுண்டிப் பார்த்தார். அது அசையவில்லை.

இறைச்சி இல்லாதது உண்டா என்று வியாபார ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் சுவரிலிருந்த தினசரிக் காலண்டரில் விரல் வைத்து, பின் வானத்தில் ஒரு வட்டம் வரைந்தார். முழுநிலவன்று அவர்கள் இறைச்சி தொடுவதில்லையாம். அன்று சட்டியில் இருந்ததெல்லாம் சைவம். நேற்று வந்திருந்தால் பன்றிதான் என்று அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார்.

நிலவு எழும்வரை எனக்கு விரதம். ஆனால் சூலிக்குக் கொடுப்பதைச் சோதிக்காமல் கொடுப்பது தகுமோ? ஒன்றைச் சோதித்தேன். ஐயம் தீரவில்லை. நான்காவதில் தீர்ந்தது. மனைவி வாளியை இழுத்து மூடிவிட்டாள்.

அம்மாள் அரை வேக்காட்டில் கொடுத்ததை, வீட்டில் இட்லிச் சட்டியில் ஏற்றி ஆவி பறக்க மகள் முன் வைத்தோம். முதலாவதைக் கண்மூடித் தின்றாள். பிறகு அடுத்தடுத்துக் கை நீண்டது. தட்டு வெறுமையானதும், "நாளைக்கும் அந்தக் கடையிலயே வாங்கிட்டு வர்றீகளாப்பா?" என்றாள்.

நாளை தேய்பிறை. அந்தக் கடைச் சட்டியில் மறுபடி பன்றிதான்.

"உங்கப்பா வெளிய பின்னிக்கிட்டு இருக்கையில நான் உள்ள மாவு பிசையக் கத்துக்கிட்டேன். நாளைக்கு நானே அவிச்சுத் தாரேன்," என்றாள் மனைவி.

மகள் சந்தேகத்தோடு தாயைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். மூன்று நாளில் அதுவே முதற்சிரிப்பு.

இதை வாசித்த அனைவர் இல்லத்திலும் கேட்டது கேட்ட வேளையில் கிடைக்கட்டும். வயிறும் மனமும் நிறைந்து நீடு வாழ்க.